புதன்கிழமைப் பக்கம்

உன் தம்பி நேற்று வந்து உன் நீல அட்டை நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். "அக்கா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொல்லுச்சு" என்றான். பிரித்ததும் பழைய காகித வாடை. பயந்து மூடிவிட்டேன். இன்று காலையில்தான் படித்தேன்.

ராஜபாளையம் கம்ப்யூட்டர் சென்டரில் நாம் கோபோல் என்ற கணினி மொழியைப் படித்து முடித்த நேரம் பார்த்து ஊரே சி மொழிப் பக்கம் சாய்ந்தது. பிறகு விஷுவல் பேசிக். நீ மட்டும் அசரவில்லை. புதன்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் பஸ் ஏறுவோம். ஆங்கிலப் பேப்பரின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் எந்த மொழிக்கு எத்தனை விளம்பரம் என்று இந்த நோட்டில் கோடு போடுவாய். கோபோல் கட்டம் பல வாரம் காலியாகவே கிடக்கும்.

"செத்த மொழிக்கு எதுக்குட்டி கட்டம் போடுத?" என்று கேலி செய்வேன்.

"பேங்கு கணக்கெல்லாம் அதுலதாம்ட்டி ஓடுது. ஒருநா தேடி வருவாவ."

வந்தார்கள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பிவிடும் என்று உலகமே பதறிய சமயம் அது. அந்தப் புதன் நீ அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாய். நான் முதலில் போய்ப் பேப்பரை விரித்தேன். கோபோல் தெரிந்தவர்கள் தேவை, சனிக்கிழமை சென்னையில் நேர்முகத் தேர்வு. நீ என்னைவிடக் கெட்டிக்காரி. இருவரும் போனால் உன்னைத்தான் எடுப்பார்கள். நூலகர் திரும்பிய நேரம் பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் திணித்தேன்.

நீ வந்ததும், "எவனோ பக்கத்தையே கிழிச்சிட்டுப் போயிட்டாம்ட்டி" என்றேன். உன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

வேலை கிடைத்தது. அத்தை மகன் தகவல் சொன்னதாக இன்னொரு பொய். "ஒனக்காச்சும் தெரிஞ்சுதே, அம்புட்டுப் போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ கடைசிவரை அதே சென்டரில் பாடம் நடத்தினாய். லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போன வெட்கம் கெட்டவள் நான்.

நோட்டில் அந்தப் புதனுக்கு நேரே எழுதியிருக்கிறாய்: "பக்கம் இல்லை. கிழித்தவருக்காவது வேலை கிடைக்கட்டும்." கோபோல் கட்டத்தில், வேறு மையில், பிறகு போட்ட ஒரே ஒரு கோடு. கிழித்தது நான் என்று தெரிந்துதான் போட்டிருக்கிறாய். தெரிந்துதான் என் கையையும் பிடித்திருக்கிறாய்.

அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போனேன். எறிய மனம் வரவில்லை. உன் முன்னால் எடுத்து வைக்க, நீ இருந்தவரை, ஒரு நாளும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.