உம்முடைய பெயரில் ஒரு குளம்

இன்று காலையும் தேநீருக்கு வைத்த பால் திரைந்துவிட்டது. பால்காரரைத் திட்டிப் பயனில்லை, தண்ணீர்தான் உப்பு. குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி இரண்டு நாளாக வரவில்லை என்று கிணற்றில் அள்ளினேன். புத்தி கெட்ட வேலை. எங்கள் தீவில் பாதிக் கிணறுகள் உவர்த்துக் கிடந்த காலத்திலும், ஒரே வேலியின் அங்காலும் இங்காலுமாக இருந்த உம்முடைய கிணறும் என்னுடையதும் இனித்தன. இப்போது இரண்டும் குடிக்க உதவாது.

போர்க்கால இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பிய நாட்களில், நமக்கு மட்டும் ஏன் நல்ல தண்ணீர் என்று கேட்டவர் நீர் ஒருவர்தான். நாங்கள் எல்லாம் அம்மன் கிருபை என்று விட்டுவிட்டோம். தபாற்கந்தோரில் கடிதங்களோடு இருந்து பழகியவர் அல்லவா, எது வந்தாலும் எங்கிருந்து வந்தது என்று உமக்குத் தெரிய வேண்டும். மாரி மழை பிடித்தால் தண்ணீர் ஓடும் வழி தேடி மண்வெட்டியோடு இறங்கிவிடுவீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் பின்னால் வருவேன். புருசன்மார் போன பிறகு இரண்டு பேருக்கும் விசர் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. அதில் பாதி உண்மை.

ஒழுங்கைக்குக் கீழே, நாயுண்ணிப் பற்றைக்குள், கல் பாவிய வாய்க்கால் ஒன்றின் வாயைக் கண்டுபிடித்தீர். அது எங்கே போய் முடிகிறது என்று தெரியவில்லை. ஒரு சாக்கு உமி கொண்டுவந்து தண்ணீரில் கொட்டினீர். ஒழுங்கை போய் முடியும் ஊர்க் குளத்தின் கட்டில் என்னை நிறுத்தியிருந்தீர். கொட்டும் மழையில் நடுங்கிக்கொண்டு உம்மை நன்றாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கல் இடுக்கொன்றிலிருந்து உமி மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஒழுங்கை முழுக்க ஓடி வந்து, "வந்திட்டுதோ, வந்திட்டுதோ?" என்று கத்தினீர். நான் அழுதேன். ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மழைத் தண்ணீர் மண்ணுக்குக் கீழால் வந்து குளத்தில் நிற்கும், குளம் கசிந்து கிணறுகளுக்கு ஊறும். அவ்வளவுதான் இரகசியம். "எங்கட நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலதான் மிதக்குது. கீழ கை வைச்சா எல்லாம் போச்சு" என்பீர். பிறகு அந்த வாய்க்காலைக் காப்பதே உமக்குத் தொழிலாகிவிட்டது. சுவிஸிலிருந்து திரும்பி வந்த ஊர்க்காரர் ஒருவர் அதற்கு மேலே மதில் கட்டத் தொடங்கியபோது நேரே போய் நின்றீர்.

"மதில் நிக்கட்டும் தம்பி. தண்ணிக்கு ஒரு ஓட்டை விடும்."

"ஓட்டையால பாம்பு வருமெல்லோ, அக்கா?"

"பாம்பு கேற்றாலயும் வரும்."

அவர் சிரித்துவிட்டு ஓட்டை விட்டார். அது இப்போதும் இருக்கிறது.

நீர் கண்மூடி ஆண்டு திரும்பியதும், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் உம்முடைய நினைவாகக் குளத்தை ஆழப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். எல்லோரும் உம்மில் உயிர். கூட்டத்தில் எழும்பி, "ஆழமாக்க வேண்டாம், அடியில தண்ணியத் தாங்கிற களிமண் உடைஞ்சிடும்" என்று சொன்னேன். "ஆழமா இருந்தாத்தானே மாமி கனக்கத் தண்ணி நிக்கும்?" என்று பொறுப்பாய் நின்ற பெடியன் மரியாதையாகக் கேட்டான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். அன்றைக்கு ஊர் முழுக்க அன்பினால் பிழைவிட்டது.

மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. களி முழுவதையும் வாரி ஏற்றினார்கள். அடியில் வெள்ளைக் கல் தெரிந்ததும் துப்புரவாகிவிட்டது என்று கை தட்டினார்கள். மாரியில் குளம் நிரம்பியது, தை பிறக்க முன்னமே கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிப் போய்விட்டது. கோடையில் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் கிணறுகளுக்குள் ஏறியது. களியைத் திரும்பப் போட்டால் சரிவருமா என்று வந்து பார்த்த பொறியியலாளரிடம் கேட்டேன். "உப்பு ஏறிட்டுது அம்மா. இனி எங்கட காலத்தில ஏலாது" என்றார். மழை பெய்தால் இப்போதும் போய் வாய்க்கால் வாயில் அடைத்த சருகை இழுத்துப் போடுகிறேன். அந்தத் தண்ணீர் ஒருவருக்கும் உதவாது என்று தெரிந்துதான் செய்கிறேன்.

ஆவணியில் உம்முடைய மகள் கனடாவிலிருந்து வந்தாள். குளக்கட்டில் உம்முடைய பெயர் வெட்டிய கல்லைத் தடவித் தடவி அழுதாள். குளத்தை ஆழமாக்க அவளும் காசு அனுப்பியவள்தான். "அம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா, என்ன மாமி?" என்றாள். "ஓம் பிள்ளை" என்றேன். அதோடு விட்டாளா? அம்மாவின் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாய் குடிக்க வேண்டும் என்றாள். நான் குசினிக்குள் போய், கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரைச் செம்பில் ஊற்றிக்கொண்டு வந்தேன். அண்ணாந்து முழுவதையும் குடித்தாள்.

"அதே ருசி, மாமி" என்றாள்.

செம்பை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவளிடம் எப்படிச் சொல்வேன்? உண்மையைச் சொல்ல உம்மைவிட்டால் எனக்கு இங்கே ஒருவரும் இல்லை.