பத்தாவது ஆள்

மாப்ளே,

இன்று காலை பட்டறையில் பழைய ஆஜர் நோட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்சுவர் ஓரம் பலகை அடுக்குக்குப் பின்னால் கையை விட்டபோது ஒரு பாட்டில் தட்டுப்பட்டது. இருமல் மருந்து. மூடி ஒட்டிப்போயிருந்தது. பல்லைக் கடித்துத் திருகினேன். அதே வாசனை, துளசியும் கற்பூரமும் சர்க்கரைப் பாகும் கலந்தாற்போல. கடைசி ஆறு மாதம் உன் சட்டையெல்லாம் அந்த வாசனைதானே. அப்படியே பலகை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மொதலாளி, பாம்பா?" என்று குமார் சுத்தியலோடு ஓடிவந்தான். "போய் வேலையப் பாருடா" என்று கத்தினேன். பாவம், அவன் என்ன செய்வான். நீ போன பிறகு எதற்கெடுத்தாலும் கத்துகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

நோட்டை எதற்குத் தேடினேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஈ.எஸ்.ஐ. ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், நம் பட்டறையைப் பதிந்துவிட்டேன். எந்த ஆபீஸ்காரர் வந்தாலும் நீ பின்வாசல் வழியாக நழுவுவாயே, அதே பட்டறையைத்தான்.

எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். மீஞ்சூர் பக்கம் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனி மரப் பேலட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. கப்பலில் ஏறும் அவர்கள் சரக்கு முழுவதும் இனி நம் பேலட் மேல்தான் உட்காரும். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ஏழு பேரைப் புதிதாகச் சேர்த்தேன். கம்பெனிக்காரன் ஒரே பிடியாக நின்றான். மாநகராட்சியில் தொழில் வரிப் பதிவு இருக்க வேண்டும், ஈ.எஸ்.ஐ. பதிவு இருக்க வேண்டும், இரண்டு சான்றும் இல்லாமல் ஒரு பேலட்கூட உள்ளே வராது என்றான்.

தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் பர்வீன் என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். நம் பக்கத்துச் சின்னப் பட்டறைகளின் வரி, பதிவு எல்லாம் அவள் கையில்தான். தொழில் வரி வேலையைப் பேச்சோடு பேச்சாக முடித்துவிட்டாள். அடுத்து ஈ.எஸ்.ஐ. படிவம். பட்டறை பேர், விலாசம், யார் யார் வேலை செய்கிறார்கள், எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்.

"அண்ணே, உங்ககிட்ட மொதமொதல்ல பத்து பேரு எப்ப ஆனாங்க? அந்தத் தேதி போடணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே முழிக்கிறீங்க? புது ஆளுங்க சேந்தாங்களே, அந்தத் தேதி போட்டுடவா?"

"அதுக்கு முன்னாடியே ஒரு ஆளு இருந்தான்மா. நோட்டுல எழுதல."

"இப்ப கீறாரா?"

"இல்ல. செத்துட்டான்."

அவள் குரலைத் தணித்துச் சொன்னாள். "அப்போ இத்த எழுதி அவருக்கு ஒண்ணும் ஆவப்போறதில்லண்ணே. உங்களுக்குத்தான் கேள்வி வரும். யோசிச்சிச் சொல்லுங்க."

"நாளைக்கு வரேம்மா" என்று எழுந்து வந்தேன். வந்தவன் நடக்க ஆரம்பித்துவிட்டேன். காசிமேட்டில் மீன் ஏலக் கூச்சல் காதில் விழுந்தபோதுதான் ஸ்கூட்டரை அவள் கடை வாசலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

உனக்குத் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தாயே, ஆறு வருஷம் இருக்குமா? ஸ்டெல்லா என்னிடம் வந்து, "அவர உன்கூட வெச்சுக்கோண்ணா" என்றாள். தங்கச்சி கேட்டு மாட்டேன் என்பேனா? ஆனால் பட்டறையில் அப்போது ஒன்பது பேர். உன்னோடு பத்து. பத்து ஆனால் ஈ.எஸ்.ஐ.-யில் பதிய வேண்டும், மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், ஆபீஸ்காரர்கள் வருவார்கள் போவார்கள். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். நீதான் கையை ஆட்டினாய்.

"இதுக்கா மச்சான் இவ்ளோ பேஜாரு? நான் உன் வூட்டு ஆளு. வூட்டு ஆள எவனாவது நோட்டுல எழுதுவானா? ஒம்போதோட மூடு."

நீ சொல்லி முடிப்பதற்குள் நோட்டை மூடிவிட்டேன் மாப்ளே. 'அதெல்லாம் வேணாம்டா' என்று ஒப்புக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்து பார்த்தாலும் இதே கதைதான். தம்பி, மச்சான், சகலை என்று எவனாவது ஒருவன் நோட்டுக்கு வெளியே நிற்பான். வீட்டு ஆளின் பேரை ஆஜர் நோட்டில் எழுதினால் அவனைக் கூலிக்காரன் ஆக்கிவிட்டதாக நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. நீயும் அதில் பெருமைதான் பட்டாய். "நோட்டுல பேரு இல்லாதவங்க ரெண்டே பேரு. ஒண்ணு மச்சான், இன்னொண்ணு நான். அப்ப நானும் மொதலாளிதான்டா" என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிந்தாய்.

டீக்கடைக் கதை ஞாபகம் இருக்கிறதா? கையில் பையோடு எவரைப் பார்த்தாலும் நீ பின்வாசல் வழியாகப் போய் நாயர் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாய். ஒரு நாள் ஒரு அதிகாரி பட்டறையைப் பார்த்துவிட்டு நேராக அதே கடைக்கு வந்து உன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பட்டறையில எத்தனை பேர் வேலை செய்றாங்க?" என்று உன்னையே கேட்டார். உன் தலைமுடியெல்லாம் மரத்தூள். "எனக்கு இன்னா சார் தெரியும், நான் டீ குடிக்க வந்தவன்" என்றாய். அவர் உன் தலையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், உன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு முழுவதும் பட்டறையே சிரித்தது. நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு உன் இருமல். முதலில் மரத்தூள் என்றாய். அப்புறம் பனி என்றாய். பேலட்டைத் தூக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். "வூட்டுக்குப் போடா, ரெண்டு வாரம் படு" என்று நானும் சொல்லத்தான் செய்தேன். "படுத்தா கூலி குடுப்பியா?" என்று நீ சிரித்துக்கொண்டே கேட்டாய். நானும் சிரித்தேன். மாப்ளே, அந்த இடத்தில்தான் திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொள்கிறேன். கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. உனக்குக் கொடுத்தால் மற்ற ஒன்பது பேரும் கேட்பார்களே என்றும் கூடவே தோன்றியது.

பேரை எழுதியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. படுத்த நாளைக்கும் பாதிக்கு மேல் சம்பளம் ஈ.எஸ்.ஐ.-யிலிருந்து வந்திருக்கும். மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீ கால் நீட்டிப் படுத்திருப்பாய். பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. டாக்டர், "ரொம்ப லேட்டா வந்துட்டீங்க" என்று மட்டும்தான் சொன்னார்.

ஸ்டெல்லாவுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டில் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் பட்டறைதானே, எல்லாம் முறைப்படி இருக்கும், லீவு போட்டாலும் பணம் வரும் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். "லீவு போடுய்யா" என்று அவள் கெஞ்சும்போதெல்லாம் நீ ஏதோ ஒரு சாக்குச் சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? மூன்று வருஷமாகக் கல்லறைக்கு வரும்போதெல்லாம் உன்னைத் திட்டினாள். பூவை வைத்துக்கொண்டே திட்டுவாள்.

"அடமா புடிச்ச? எத்தினி தபா சொன்னேன், படு படுன்னு. கேட்டியா? புள்ளைங்கள நெனச்சியா? வீம்பு! வீம்பு புடிச்சே செத்தியே!"

நான் பக்கத்திலேயே மெழுகுவர்த்திப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். "விடும்மா, போனவன எதுக்குத் திட்டற" என்று பெரிய மனுஷன் மாதிரி அவளைத் தேற்றுவேன். சீ!

பர்வீன் கேட்ட அந்தத் தேதி என்னைத் தூங்கவிடவில்லை. புது ஆட்கள் சேர்ந்த தேதியைப் போட்டால் தீர்ந்தது, எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அப்படிப் போட்டால் நீ அந்தப் பட்டறையில் வேலையே செய்யவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டதாக ஆகும். ஸ்டெல்லாவும் சாகிற வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே இருப்பாள். உண்மையான தேதியைப் போட்டால் அவளிடம் சொல்லியாக வேண்டும். ஆபீஸ்காரர்களுக்குப் பயப்படவில்லை மாப்ளே. கேட்பதைக் கட்டிவிட்டுப் போகிறேன். என் தங்கச்சி முகத்தைப் பார்ப்பதற்குத்தான் பயம். மூன்று நாள் அவள் தெரு முனை வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தேன்.

நான்காம் நாள் உள்ளே போனேன். ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதோடு மூடியதை, டீக்கடையை, நீ கூலி கேட்டு நான் சிரித்ததை, எதையும் விடவில்லை. தையல் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அழுவாள், அடிப்பாள், வெளியே போடா என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"நான் அந்தாள திட்டறப்பல்லாம் நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த?"

அது ஒன்றுதான் கேட்டாள்.

"ஆமா ஸ்டெல்லா."

பிறகு, "தேதி ஞாபகம் இருக்குதா உனக்கு?" என்றாள். மாதம்தான் ஞாபகம் இருக்கிறது என்றேன். "பெரியவள ஒண்ணாவது சேத்த அன்னிக்கு. அவள ஸ்கூல்ல வுட்டுட்டு நேரா உன் பட்டறைக்குத்தான் வந்தாரு" என்று தேதியைச் சொல்லிவிட்டு, மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்ததைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் பர்வீனிடம் அந்தத் தேதியைச் சொன்னேன். "நிஜமாவாண்ணே?" என்று கேட்டுவிட்டுத் தட்டினாள். பதிவு வந்துவிட்டது. பதினாறு பேருக்கும் நம்பர் வந்துவிட்டது. கேள்வியும் வந்துவிட்டது. அந்தத் தேதியில் இருந்த பத்தாவது ஆள் யார், நோட்டில் ஏன் இல்லை, பழைய நோட்டுகளோடு நேரில் வரவும் என்று. நாளைக்குப் போகிறேன். உன் பேரை அப்பன் பேரோடு முழுசாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

பட்டறையில் எவனாவது இரண்டு தரம் இருமினால் போதும், எனக்கு ஆகாது. கையிலிருப்பதைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிறேன். "தூசி மொதலாளி, சும்மா தூசி" என்கிறான்கள். தூசி என்றால் இன்னும் வேகமாக விரட்டுகிறேன். கிழவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்வது காதில் விழுகிறது.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான் முன்னாலேயே வந்து தள்ளி நின்றேன். ஸ்டெல்லா பிள்ளைகளோடு வந்தாள். சிலுவையைக் கழுவினாள், சாமந்தி வைத்தாள். திட்டவில்லை மாப்ளே. கல் மேல் கையை வைத்து, "எனக்குத் தெரியாதுய்யா" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எழுந்தபோது என்னைப் பார்த்தாள். பிள்ளைகள், "மாமா!" என்று கூப்பிட்டார்கள். அவள் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்க வழியாகப் போய்விட்டாள்.

மூன்று வருஷம் உன்னை என்னமாய்த் திட்டினாள். என்னை ஒரு வார்த்தை திட்ட மாட்டேன் என்கிறாள்.