திட்டக்குடி லாரி என்ஜின்

மாமா,

நம் மீன்பிடித் துறைமுகத்தின் வரலாற்றில் ஒரு பெரிய முடிவு சென்ற வாரம் எடுக்கப்பட்டது. ஏலக்கூடத்துச் சுவருக்கு இனி வெள்ளை அடிப்பதில்லை. சாம்பல் நிறம் அடிப்பது. அதிகாரிகளும் படகுச் சங்கத்தாரும் காலையிலிருந்து உட்கார்ந்து, இரண்டு சுற்று டீயையும் ஒரு சுற்று வடையையும் கடந்து, ஒருவர்கூட எதிர்க்காமல் இந்த முடிவுக்கு வந்தார்கள். வெள்ளைச் சுவரில் டீசல் கரி தெரிகிறது, சாம்பலில் தெரியாது என்பது காரணம். வெளிர் சாம்பலா அடர் சாம்பலா என்பதில் மட்டும் கொஞ்சம் கருத்து வேறுபாடு. தொலைநோக்கு உள்ளவர்கள் அடர் சாம்பல் பக்கம் நின்று வென்றார்கள்.

இன்று காலை மீன் வாங்கப் போனேன். புதுப் பெயிண்ட் வாடையும், என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்த படகுகளின் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறின. கூடவே உங்கள் நினைவும் வந்தது. உங்கள் சட்டை எப்போதும் இந்தப் புகை வாடைதான் அடிக்கும். அக்கா அதை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கமாட்டாள்.

அப்போதும் நான் மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டி, ஒரு பழைய வேனில் வாகனப் புகைப் பரிசோதனைதான் நடத்திக்கொண்டிருந்தேன். சுனாமி உங்கள் படகைக் கொண்டுபோன பிறகு, நீங்கள் புது விசைப்படகு கட்டிக்கொண்டிருந்தீர்கள். மரவேலை முடிந்துவிட்டது, என்ஜின் அமையவில்லை. அந்தச் சமயத்தில் திட்டக்குடியிலிருந்து ஒரு கரும்பு லாரி என்னிடம் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். அது விட்ட புகையில் எதிரே இருந்த டீக்கடை மறைந்து, சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தது. தேறவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். லாரிக்காரர் சட்டத்தை மதிப்பவர். என்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினார். கழற்றியதை வாங்கியது நீங்கள்.

"மாமா, அது நான் ஃபெயில் பண்ண என்ஜின்."

"ஃபெயில் ஆனாதான் மச்சான் நம்ம விலைக்கு வரும். நீ பாஸ் போட்டிருந்தா நான் துடுப்புதான் போட்டுக்கிட்டு இருக்கணும்."

"புகை ஜாஸ்தி மாமா."

"கடல்ல எவன் கை காட்டி நிறுத்தப் போறான்? மீனா?"

மீன் நிறுத்தவில்லை. துறைமுகத்தில் பாதிப் படகுகள் அப்படித்தான் ஓடின. ரோட்டிலிருந்து விரட்டப்பட்ட என்ஜின்களுக்கெல்லாம் கடலில் மறுவாழ்வு கிடைத்தது. சுனாமிக்குப் பின் மனிதர்களுக்கென்று போட்ட திட்டங்கள் அவ்வளவு சீராக நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நீங்கள் சுக்கான் பிடிக்கும் அறை என்ஜினுக்கு நேர் மேலே. காற்று பின்னாலிருந்து அடித்தால் புகை முழுவதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சில வருஷத்தில் இருமல் பிடித்தது. "பீடி இல்ல, சிகரெட் இல்ல. இந்தாளு நெஞ்சுக்குள்ள எவடா அடுப்பு மூட்டுறா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

ஒருநாள் உங்கள் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துப் படகின் புகைக்குழாய் முன்னால் பிடித்தேன். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. "நல்ல துண்டக் கெடுத்துட்டியே மச்சான்" என்றீர்கள். என்ஜினை மாற்றிவிடுங்கள் என்றேன். "எல்லாருக்கும் சட்டம்னா நானும் மாத்துறேன். நான் ஒருத்தன் மட்டும் மாத்திட்டு, பக்கத்துப் படகுப் புகையக் குடிக்கவா?" சட்டம் கேட்க, வாகனப் புகையைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்குப் போனோம், துண்டோடு.

"சார், படகுப் புகை வரம்புக்கு மேல போகுது" என்று ஆரம்பித்தேன்.

"எந்த வரம்பு?" என்றார் அதிகாரி.

"அதத்தான் சார் போடச் சொல்றோம்."

"படகுக்கு வரம்பே கிடையாதுங்க. இல்லாத வரம்ப எப்படி மீறும்? அப்ப மீறல."

நீங்கள் கேட்டீர்கள்: "ரயிலுக்கு சார்?"

"ரயில் என்ஜினுக்கும் கிடையாது. அதுவும் மீறல."

"அப்ப ஊர்ல மீறுறது ஆட்டோ மட்டும்தானா?"

"ஆட்டோவ நாங்க விடறதே இல்ல" என்றார் பெருமையாக. பிறகு துண்டைக் கையால் தொடாமல் பேனாவால் எங்கள் பக்கம் தள்ளினார். அது அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லையாம். வெளியே வந்ததும் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. சுற்றிப் பார்த்தேன். எச்சில் துப்பினால் அபராதம் என்று பலகை வைத்திருந்தார்கள். அதற்கு வரம்பு இருந்தது.

அகல ரயில்பாதை வந்த பிறகு உங்களை ரயிலில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். துறைமுகம் ஜங்ஷனில் சரக்கு ரயிலின் டீசல் என்ஜின் ஒன்று, எங்கும் போகாமல், நடைமேடைக்குப் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. புகை கூரைக்குக் கீழே தேங்கியது. ஒரு பெண் கைக்குழந்தையின் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். நீங்கள் வாயில் துண்டை வைத்துக்கொண்டு, "இவரு நம்ம என்ஜினுக்குப் பெரியப்பா" என்றீர்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தன வருஷமா சிகரெட்?" என்றார்.

"சிகரெட் இல்ல சார். லாரி."

டாக்டருக்குப் புரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரிக்கப் போய், இருமல் வந்து, பேச்சு அதோடு நின்றது. அந்த மழைக்காலத்தை நீங்கள் தாண்டவில்லை.

துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அக்கா சோடா போட்டு அலசிப் பார்த்தாள். வட்டம் கொஞ்சம் வெளுத்தது, போகவில்லை. மடித்து வேனில் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நான் திருப்பி அனுப்பும் ஆட்டோக்காரர்கள், "எங்களயே புடி. ஹார்பர்ல போய்ப் பாருண்ணே" என்கிறார்கள். பார்த்தேன் என்று சொல்வதில்லை. அவர்கள் கட்டும் அபராதத்துக்கு அது எந்த விதத்திலும் உதவாது.

உங்கள் படகை அக்கா உடைக்கக் கொடுத்துவிட்டாள். என்ஜினைப் பார்க்கப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். ஏலக்கூடத்துச் சுவரோரம் வைத்துக் கிளப்பிப் பார்த்தார். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. வெள்ளிக்கிழமை அவருடைய படகில் ஏற்றுகிறார்கள்.