மிச்சமான ஆண் எலிகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன வாரம் போனில் பேசும்போது நடுவில் நீ, என் கட்டில் இன்னும் அங்கேதான் கிடக்கிறதா என்று கேட்டாய். அப்பாவின் இடுப்பு வலியைப் பற்றி அம்மா பேசிக்கொண்டே போனதால் அவள் காதில் அது விழவில்லை. எனக்கு மட்டும் விழுந்தது. சில நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். பிறகு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது. அம்மா உடனே உன்னைக் கூப்பிட்டாள், நீயும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாய். அவள் கட்டைவிரலில் தையல் மெஷின் ஊசி ஏறிக் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இனி வருவதெல்லாம் அவள் பேச்சு. ஒரு வார்த்தையைக்கூட மாற்றக் கூடாது என்று எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

பெரியவனே, நாங்கள் இங்கே நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிறவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று முடிவு கட்டமாட்டான். போனில் பேசலாம் என்றால் நான் குரலை உயர்த்தியதும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் சிக்னல் போகாது, கடைசி வரைக்கும் படி. கட்டிலைப் பற்றிக் கேட்டாயே, அதன்மேல் வெட்டிய துணியை அடுக்கி வைத்திருக்கிறேன், படுக்க இடமில்லை. உன் அப்பாவுக்கு இன்னும் வேன் ஓட்ட முடியவில்லை, குனிந்து செருப்பு மாட்டவே ஆள் வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், உங்க பையன் எலிக்கு வைத்தியம் பார்க்கிறானாமே என்று கேட்டார். எலிக்கு இல்லை, எலியை வைத்து மனுஷனுக்கு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கே போனில் நீ இந்தக் குண்டைப் போட்டாய்.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் இருக்கட்டும். அந்த எலிகளெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள்ளேயே பெருகி, ஒன்றின் உடம்புக்கும் இன்னொன்றின் உடம்புக்கும் வித்தியாசமே இல்லாமல் ஆனவை. ஒன்றின் தோலை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால்கூடத் தன் தோல் என்றே எடுத்துக்கொள்ளும். நீ ஒரு எலியின் மண்ணீரலிலிருந்து, நோயோடு சண்டை போடுகிற அணுக்களைப் பிரித்து, அடையாளம் போட்டு, இன்னொரு எலியின் வால் நரம்பில் ஊசியால் ஏற்றுகிறாய். அவை புது உடம்பில் குடியேறுகின்றனவா, கிருமி வந்தால் பெருகிச் சண்டை போடுகின்றனவா என்று பார்ப்பதுதான் உன் வேலை. முதலில் நன்றாகத்தான் இருந்தன. ரத்தம் எடுத்துப் பார்க்கப் பார்க்கக் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏன் என்றால், நீ அணு எடுத்தது ஆண் எலியிலிருந்து, ஏற்றியது பெண் எலிக்கு. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும் ஆணிடம் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்று அந்த அணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்குமாம், பெண் எலியின் உடம்பு அதை அந்நியம் என்று கண்டுபிடித்து மெல்ல மெல்ல விரட்டிவிடுமாம். பெண்ணின் அணுவை ஆணுக்கு ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லையாம். இதைக் கேட்டுவிட்டு உன் அப்பா, எலிக்கு இருக்கிற புத்தி உன் அம்மாவுக்கு இருந்திருந்தால் நான் என்றைக்கோ தெருவில் நின்றிருப்பேன் என்று படுத்துக்கொண்டே சிரிக்கிறார். இடுப்புதான் போயிற்று, கிண்டல் போகவில்லை.

ஏன்டா ஆண் எலியை எடுத்தாய் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை வயிறெரிய வைக்கிறது. பெண் எலிகள் ஒரே கூண்டில் சண்டை போடாமல் இருக்கும், அதனால் ஏற்றுவதற்கு அவைதான் வசதி. ஆண் எலிகள் யாருக்கும் வேண்டாமல் மிச்சமாகக் கிடந்தன, வீணாகப் போகிறதே என்று அவற்றிலிருந்து அணுவை எடுத்தேன், என்றாய். இது யார் புத்தி? வெட்டும்போது விழுகிற துண்டு துணுக்கைக்கூடத் தூக்கிப்போட மனசு வராமல், உன் கால்சட்டைக்கு ஒரு பை பூப்போட்டதும் ஒரு பை கோடுபோட்டதுமாக வைத்துத் தைத்தவள் நான். அந்தப் புத்தியை அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போயிருக்கிறாய். உன்னைத் திட்டுவதா என்னைத் திட்டுவதா என்று தெரியாமல் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உன் பேராசிரியை உன்னைப் போகச் சொன்னாரா? இல்லையே. பெண் எலியிலிருந்து எடுத்து மறுபடி ஆரம்பி என்றுதானே சொன்னார். கூட இருக்கிற பிள்ளைகள், இது முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறதே என்று சிரித்தார்களாம், அந்த வெட்கத்தில் நீ மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டுகிறாயாம். உன் அணுக்களையாவது எலியின் உடம்பு விரட்டியது, உன்னை யாரடா விரட்டினார்கள்? ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தத்துக்கும் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தவள் நான். அந்தத் தலைமை ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. போனேனா? புதுத் துணி வாங்கி மறுபடி வெட்டினேன். சில நாள் அந்தத் தெரு வழியே போகாமல் சுற்றிப் போனேன், அவ்வளவுதான்.

அடுத்ததை எழுத மாட்டேன் என்று உன் தங்கை பேனாவை மூடி வைத்துவிட்டாள், எழுதுடி என்று அதட்டிய பிறகுதான் எழுதுகிறாள். அப்பா இடுப்பு போய்ப் படுத்தபோது, உங்கள் இரண்டு பேரில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று ஆயிற்று. நாங்கள் வாய் திறப்பதற்குள் இவளே பள்ளிக்கூடப் பையைக் காலி செய்து துவைத்துப் போட்டாள். கொடியில் பை தொங்குவதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரியும். வாயில்லாப்பூச்சி, இன்று வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. காஜா எடுக்கிறாள், பொத்தான் வைக்கிறாள், யாராவது அளவு கொடுக்க வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். இப்போது நீயும் வந்து உட்கார்ந்தால், நான் ஆளுக்கொரு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இவள் விட்டது எதற்காகடா?

நேரத்துக்குச் சாப்பிடு. சிரிக்கிறவர்களோடு சேர்ந்து நீயும் ஒரு தடவை சிரித்துவிடு, அவர்களுக்கு அலுத்துப்போகும். இனிமேல் எலியைத் தூக்கினால் வாலுக்கு அடியில் இரண்டு தடவை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பி. நீ தொட்ட வேலை இந்த முறை நிலைக்கட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். இவ்வளவு சொல்லியும் பெட்டியோடு வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அம்மா

அண்ணா, இது நான். அடுப்பைப் பார்க்கப் போன அம்மா பாதியிலேயே திரும்பி வந்து, அந்தக் கதவு வரியை அடித்துவிடு, பிள்ளை பயந்துவிடப் போகிறான், வருவதானால் வரட்டும், என்றாள். நான் தலையாட்டினேன். அவள் உள்ளே போனதும் பேனாவை எடுத்து மெல்லிசாக ஒரே ஒரு கோடு போட்டேன், எழுத்து தெரியும்படி.