எங்கும் நிறுத்தாமல்

அண்ணி,

இன்று காலை உப்புமாவுக்குச் சேமியாவை உடைத்தேன். சடசடவென்ற சத்தம் கேட்டதும், நீங்கள் எட்டிப் பிடித்துவிடுவீர்கள் என்பதுபோல் என் கை தானாகப் பின்வாங்கியது.

முதலில் அப்படிப் பிடித்தது உங்கள் கெல்லிவில் வீட்டில், அண்ணனின் பிறந்தநாளன்று. உங்கள் மணிலாப் பக்கத்துப் பன்சித் நூடுல்ஸ் செய்ய எல்லாம் எடுத்து வைத்திருந்தீர்கள். உதவுகிறேன் பேர்வழி என்று நான் அந்த அரிசி நூடுல்ஸை, உப்புமா சேமியாவைப்போல நொறுக்கித் தள்ளினேன். அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகு கற்ற தமிழில் சொன்னீர்கள்: "உடைக்காதே. பர்த்டே நூடுல்ஸ் நீளமா இருக்கணும். அப்பத்தான் அவர் ஆயுசும் நீளம்." நொறுங்கியதைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதுப் பாக்கெட் பிரித்தீர்கள். நான் சிரித்தேன், நீங்கள் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்வீர்கள். சாவுக்குப் போனால் நேராக வீட்டுக்கு வரக் கூடாது, வழியில் எங்காவது இறங்க வேண்டும், இல்லாவிட்டால் இறந்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். அதற்காகவே ஒருமுறை பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தி எங்களை டோனட் தின்ன வைத்தீர்கள். எங்கள் ஊரில் வந்ததும் குளித்தால் போதும் என்றேன். குளித்தால் அழுக்குதான் போகும் என்றீர்கள்.

உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது, சர்ச் தோழிகள் எங்களையும் காபிக் கடைக்கு அழைத்தார்கள். அண்ணன் மறுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். எங்காவது நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்.

"வேணாம். அவ வரட்டும்."

வாசலில் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். நான் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம்தான் சாத்தினார்.

அதன்பின் அவர் வீட்டைவிட்டு நகரவில்லை. மெல்பர்னில் உங்கள் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. அம்மாதான் இல்லை, அப்பாவாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று போனில் அழுதாள். உன் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார் அவர். துக்கத்தில் பிதற்றுகிறார் என்றுதான் நினைத்தேன், இந்த வருடம் அவர் பிறந்தநாள் வரும்வரை.

அன்று மதியம் பன்சித் செய்து கொடுக்கலாம் என்று கிரவீனில் இருக்கும் என் வீட்டிலிருந்து போய், என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். மாடிக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். சமையலறை மேடையில் கண்ணாடிக் கிண்ணத்தில் நூடுல்ஸ் ஊறிக்கொண்டிருந்தது. ஓர் இழைகூட உடையவில்லை. கொஞ்சம் கூடுதலாக ஊறினாலே குழைந்துவிடும் சாமான், இப்போதுதான் போட்ட பதத்தில் இருந்தது. தலையைத் துவட்டியபடி இறங்கி வந்த அண்ணன், "நீயா போட்ட?" என்று கேட்டார்.

நான் இப்போதுதான் உள்ளே வந்தேன் என்றேன். பிறகு பூண்டை வதக்கி, கோழியும் கோஸும் போட்டு, சோயா சாஸ் ஊற்றிக் கிளறினேன். நீங்கள் ஊறப்போட்டதைக் கொட்ட எனக்குத் தைரியம் ஏது? அவர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த வழி தோன்றியது.

"இந்த வீட்டுக்கு அண்ணியைக் கூட்டிட்டு வந்தது நீதானேண்ணா? மெல்பர்னுக்கும் நீயே கூட்டிட்டுப் போ. எங்கயும் நிறுத்தாம நேரா ஏர்போர்ட் போவோம்."

அவர் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்தார்.

கிளம்பும் நாளில் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, என் காரின் பின்கதவைத் திறந்து சற்று நின்று, மெதுவாக மூடினார். பெட்ரோல் விளக்கு எரிந்தும் நான் எங்கும் நிறுத்தவில்லை. பின்சீட்டில் பெல்ட் போடவில்லை என்று கார் கத்த ஆரம்பித்தது. பின்சீட்டில் ஒன்றுமில்லை, அண்ணி. சிக்னலில் நின்றபோது அவர் திரும்பி, எட்டி, பெல்ட்டை மாட்டினார். சத்தம் நின்றது.

பேத்தி பிறந்துவிட்டாள். அண்ணன் குரலில் தெம்பு வந்திருக்கிறது. நான் அவ்வப்போது கெல்லிவில் வீட்டுக்குப் போய் ஜன்னல்களைத் திறந்துவைக்கிறேன். போன முறை ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டை மேடையில் வைத்துவிட்டு ஹாலில் காத்திருந்தேன். வைத்தது வைத்தபடியே இருந்தது. பயந்துகொண்டே உங்களைக் கூப்பிட்டும் பார்த்தேன். வெறும் வீடு. அவரை அனுப்பத்தான் அப்படிச் சொன்னேன், அண்ணி. நீங்களும் போய்விடுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.