நாலாவது பூச்சு

இன்று காலை பட்டறையில் தின்னர் டப்பாவைத் திறந்ததும் உன் நினைவு வந்தது. முப்பது வருடமாகத் திருவொற்றியூரில் லாரிகளுக்கு டிங்கர் வேலை பார்க்கிற எனக்கு அந்த நெடி பழக்கம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய உனக்கு அது ஆகாது. "இன்னா மாமு, இதுக்கு நடுவுலதான் சோறு துன்றியா?" என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வாய்.

நாம் அந்த வண்டி வீட்டைக் கட்ட ஆரம்பித்த காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டாம் வருடம் உன் மனைவி எலிசாவை முதன்முறையாக ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனாய். காசிமேட்டில் மீன் வெட்டிக்கொடுத்தே காலம் கழித்தவள், மலை பார்க்க ஆசைப்பட்டாள். விடுதியில் இருந்தவன் உங்களை ஏற இறங்கப் பார்த்தான். மூக்கைச் சுளித்து, ரூம் இல்லை என்றான். உங்களுக்குப் பின்னால் வந்த குடும்பத்துக்குச் சாவியை எடுத்துக் கொடுத்தான். அன்றே பஸ் ஏறித் திரும்பிவிட்டீர்கள். மறுநாள் கல்மண்டபம் டீக்கடையில் உன் கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று.

"இனிமே எவன் வாசல்லயும் போய் நிக்கமாட்டேன் மாமு. வூட்டையே இஸ்துகினு போறேன்."

என் பழைய ஜீப் இழுக்கும் அளவுக்கு ஒரு சின்ன டிரெய்லர். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். நெட்டுக்குப்பத்தில் என் வீட்டை ஒட்டிய காலி மனையில் இரும்புச் சட்டத்தை ஒரு மாதத்தில் பற்றவைத்து முடித்தேன். அதன்மேல் போர்த்தவேண்டிய அலுமினியத் தகடுதான் நம் உயிரை வாங்கியது.

பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் கட்டாக வாங்கிவந்தோம். மேலே இரண்டும் கீழே ஒன்றும் கண்ணாடி மாதிரி இருந்தன. கட்டைப் பிரித்தால் நடுவில் இருந்ததெல்லாம் சொறி பிடித்து வெள்ளை வெள்ளையாய் உதிர்ந்தது. இரண்டு தகட்டுக்கு நடுவே ஒரு எலி நசுங்கி, காய்ந்து, வாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்பிக் கொண்டுபோனோம். கடைக்காரன் வெற்றிலையை மென்றுகொண்டே, "பெயிண்ட் அட்ச்சா எவனுக்கு நைனா தெரியப்போவுது?" என்றான்.

"எனுக்குத் தெரியும்" என்றாய். கட்டை அவன் கடைவாசலிலேயே போட்டுவிட்டு வந்தோம்.

பிறகு பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் புதுத் தகடாக, கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக வாங்கினோம். வளைத்து, ரிவெட் அடித்து, பிரைமர் பூசி, வெளிர்நீல பெயிண்டும் அடித்தோம். காய்வதற்குள் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிச் சாம்பல் வந்து அப்பிக்கொண்டது. தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாக இழுபட்டது. எமரித் தாளால் தேய்த்தெடுத்து, சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, மறுபடி அடித்தோம். மறுபடி சாம்பல். மூன்றாவது முறையும் அதே கதி.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. "நம்ம மூஞ்சிக்கு இது போதும்டா" என்றேன்.

நீ என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. "நம்ம மூஞ்சிக்கு இன்னாடா கொறச்சல்?" என்று கத்தினாய். அந்த விடுதிக்காரன் சொல்லாமல் சொன்னதையே நானும் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. நீ எமரித் தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாய்.

அடுத்த வாரம் வேலை முடிந்து கிரேனிலிருந்து இறங்கியவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

சர்ச்சில் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் எலிசா நெட்டுக்குப்பத்துக்கு வந்தாள். நீ பாதி தேய்த்துவிட்டிருந்த பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். "தாள் எங்கண்ணே கீது?" என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் இருவரும் தேய்த்தோம். நாலாவது பூச்சுக்கு வண்டியைத் திருவள்ளூருக்கு அப்பால், தெரிந்தவர் தோப்புக்கு இழுத்துப்போனேன். அங்கே பெயிண்ட் ஒரு தூசு இல்லாமல் காய்ந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காறித் துப்பவேண்டும் போலிருந்தது. சுத்தமாக ஒரு பூச்சு காய்வதற்கு நாம் ஊரைவிட்டே போகவேண்டியிருந்ததே!

அங்கிருந்து நேராக ஏற்காடு. என் மனைவியும் வந்தாள். பெண்கள் இருவரும் உள்ளே படுத்தார்கள், நான் ஜீப்பில். விடியற்காலையில் எலிசா படியில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டே உன் பேரைச் சொல்லி அழுதாள். நாலு நாள் இருந்தோம்.

திரும்பும்போது மணலி தாண்டியதும் காற்றில் ஆலை நெடி ஏற, அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, சாலையோரம் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு, "இத்தினி வருசம் இதையாண்ணே மூச்சா வுட்டுகினு இருந்தோம்?" என்று கேட்டாள். எனக்கும் அந்த நெடி அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் இந்தக் காற்று எனக்குப் பழகவே இல்லை. தினமும் கதவைத் திறக்கும்போது புதிதாக நாறுகிறது. போன வாரம் சாம்பலைப் பற்றி விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். வழக்கமாகப் பின்னால் ஒதுங்குகிறவன், இந்தத் தடவை முதல் ஆளாய்ப் போய் நின்றேன். மூன்று பூச்சு கெட்டதிலிருந்து எலிசா வாந்தி எடுத்தது வரை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.