கலங்கல் என்று சொல்லியிருக்கலாம்

ஜூலை 8, செவ்வாய்

அழுக்காக்குவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்! சுலோசனா டீச்சர் இன்று பிரித்துக் காட்டினார். துணியில் ஏறிப் போகாமல் நிற்பது ஸ்டெயின். ஈர மையை விரலால் இழுத்துவிட்டால் ஸ்மட்ஜ். எண்ணெய்க் கையைக் கண்ணாடியில் தடவினால் ஸ்மியர். கெட்டது ஏதாவது உள்ளே கலந்துவிட்டால் கன்டாமினேட். "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும். குடிச்சா படுத்துடுவ."

பக்கத்தில் இஷ்ரத் கிசுகிசுத்தாள்: "உங்கம்மா கடை சட்னி என் யூனிஃபார்ம்ல ஸ்டெயின்டி."

ஜூலை 10, வியாழன்

இஷ்ரத் வரவில்லை. வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏறுகிறதாம். நேற்றுக் காலை எங்கள் கடையில்தான் இட்லி சாப்பிட்டாள். இன்னும் இரண்டு பேருக்கும் அப்படியே.

அம்மா கழுவிய மிக்ஸி ஜாரையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாள்.

ஜூலை 11, வெள்ளி

உணவு அதிகாரி வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. நான்தான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன்.

மஞ்சளேறிய டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தார். வெறும் ஸ்டெயின், தேய்த்தாலும் போகாது என்றேன். தலையாட்டினார். கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்து டிரம்மைக் காட்டித் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்.

அம்மா மறைக்கவில்லை. "ரோடு நோண்டுனதுலேர்ந்து கலங்கலா வருது. தெளிய வச்சு மேலாக மொண்டு சட்னிக்கு ஊத்துவேன். காய்ச்சுறதில்ல. எல்லா வூட்லயும் அப்டிதான, சொல்லு."

மண் கலந்த தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஆங்கிலத்தில் சாதுவான ஒரு சொல் இருக்கிறது. பொய்யும் இல்லை. கடை தப்பித்திருக்கும். ஆனால் மண் அடியில் படிந்துவிட்டதே — இஷ்ரத்தைப் படுக்கப் போட்டது மண்ணா?

கன்டாமினேட்டட் என்றேன். குழாயிலேயே அப்படி வரலாம், அதையும் சோதியுங்கள் என்றேன். டிரம்மிலிருந்து எடுத்த மாதிரியோடு குழாயிலும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டார். கடைக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்.

டி.வி.யில் கேட்டுக் கேட்டு அந்த ஒரு சொல் அம்மாவுக்கும் தெரியும். "பெத்தவளையே மாட்டி உட்டுட்டியே."

ஏன் சொன்னேன்? படிச்ச திமிரா? இல்ல. இல்லன்னுதான் நெனைக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

அம்மா பேசவில்லை. தட்டை வைக்கும் சத்தம் மட்டும்.

ஜூலை 17, வியாழன்

குழாய்த் தண்ணீரிலும் கிருமி இருந்ததாம். காலையில் தெருவைத் தோண்டினார்கள். புதைத்த குழாயில் விரிசல். பக்கத்துச் சாக்கடை அதற்குள் கசிந்துகொண்டிருந்தது. இனி லாரித் தண்ணீர்தான். எதிர்வீட்டு தீபலட்சுமி அக்கா கைக்குழந்தையோடு வந்து பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குழந்தைக்கும் இதே தண்ணீர்தான். அம்மாவும் பார்த்தாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

ஜூலை 22, செவ்வாய்

சீலை எடுத்துவிட்டார்கள். கடை திறந்ததும் இஷ்ரத் வந்தாள், கன்னம் ஒட்டிப்போய். இட்லியை வாங்கிக்கொண்டாள். சட்னி வாளியைப் பார்த்துத் தயங்கினாள்.

அம்மா அடுப்பிலிருந்த தவலையின் மூடியை எடுத்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இஷ்ரத் தட்டை நீட்டினாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நின்னு என்ன பாக்குற? அவளுக்குச் சட்னிய நீயே ஊத்து."